ஓய்வுக்குப் பின் ஒரு கணக்கெடுப்பு: இ. பி. ஜீயும் அவருடைய கேமராவும்

ரிட்டயர்மென்ட் என்றதும் என்ன நினைவுக்கு வரும்? பிராவிடண்ட் ஃபண்ட், பென்ஷன், பிக்சட் டெபாசிட், பேரன் பேத்திகள், கோயில் குளம், காலையில் நடைப்பயிற்சி, மாலையில் செய்தித்தாள். வேலை செய்த காலம்தான் வாழ்க்கை, மீதியெல்லாம் அதற்குக் கிடைக்கும் வட்டி என்பதுபோலத்தான் பலரும் பேசுகிறார்கள். ஆனால் சிலருடைய கதையில் வட்டி அசலைத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட ஒருவர்தான் இ. பி. ஜீ என்று அழைக்கப்பட்ட எட்வர்ட் பிரிட்சர்ட் ஜீ.

இவர் விஞ்ஞானி அல்ல. வனத்துறை அதிகாரியும் அல்ல. அசாமில் தேயிலைத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஆங்கிலேயர். 1904ல் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, இந்தியாவுக்கு வந்து கோலாகாட் பக்கம் தோயாங் தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றியவர். விடுமுறை கிடைத்தால் கேமராவோடு காட்டுக்குப் போவது அவருக்குப் பொழுதுபோக்கு. 1950களின் இறுதியில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஷில்லாங்கில் குடியேறினார். 1968ல் காலமானார். இடையில் இருந்தது ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள்தான். அந்த ஒன்பது ஆண்டுகளில் அவர் செய்தவை இன்றுவரை இந்தியாவிலும் நேபாளத்திலும் பயன் தந்துகொண்டிருக்கின்றன.

துப்பாக்கியிலிருந்து கேமராவுக்கு

ஜீயின் கதைக்குப் போகும் முன் அவருடைய காலத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் காட்டு விலங்கு என்றாலே வேட்டைதான். 1911ல் டெல்லி தர்பாருக்கு வந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அங்கிருந்து நேபாளத்தின் சித்வன் பகுதிக்கு வேட்டைக்குப் போனார். அந்த ஒரே பயணத்தில் 39 புலிகளும் 18 காண்டாமிருகங்களும் சுடப்பட்டன. அன்றைக்கு அது பெருமையான செய்தி!

இந்த மனநிலைக்கு எதிராகக் கேமராவைத் தூக்கியவர்களில் முக்கியமானவர் எஃப். டபிள்யூ. சாம்பியன். இவர் ஐக்கிய மாகாணத்தில் வனத்துறை அதிகாரி. விலங்கு நடந்துவரும் பாதையில் கம்பியைக் கட்டி வைப்பார். விலங்கின் கால் பட்டதும் விளக்கு மின்னும், கேமரா தானாகப் படம் எடுத்துக்கொள்ளும். இப்படி இரவில் எடுத்த புலிப் படங்கள் 1925ல் லண்டன் பத்திரிகையில் வெளிவந்து பரபரப்பை உண்டாக்கின. 1927ல் அவருடைய புத்தகமும் வந்தது. ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டுப் புகழ்பெற்ற ஜிம் கார்பெட்கூடப் பிற்காலத்தில் சினிமா கேமராவை வைத்துக்கொண்டு புலிகளுக்காகக் காத்துக் கிடந்தார்.

ஆக, ஜீ இந்தத் துறையில் முதல் ஆள் கிடையாது. அப்படியானால் அவரிடம் என்ன புதுமை? தான் எடுத்த படத்தை அவர் சாட்சியாகப் பயன்படுத்தினார். "இந்த விலங்கு இருக்கிறது, இங்கே இருக்கிறது, இத்தனை இருக்கிறது" என்று உலகத்துக்கு நிரூபிக்கும் சாட்சி. அதுதான் புதுமை.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. அசாமின் தேயிலைத் தோட்டங்கள் எல்லாம் வெறும் நிலத்தில் முளைத்தவை அல்ல. 19ஆம் நூற்றாண்டிலிருந்து காட்டை அழித்து அழித்துத்தான் அந்தத் தோட்டங்கள் உருவாயின. யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் சொந்தமான இடம் அப்படித்தான் சுருங்கியது. ஜீயின் சம்பளம் அந்தத் தொழிலிலிருந்து வந்ததுதான். எந்தத் தொழில் காட்டைச் சுருக்கியதோ, அதே தொழிலில் இருந்த ஒருவர்தான் மிச்சம் இருந்ததைக் காப்பாற்றவும் கிளம்பினார்.

யானை முதுகில் ஸ்டுடியோ

இன்று காசிரங்கா என்றால் காண்டாமிருகம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அன்றைக்கு அப்படி இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு சில காண்டாமிருகங்களே மிஞ்சியிருந்தன. 1908ல் காப்புக்காடாக ஆக்கப்பட்டு, பிறகு சரணாலயமாகி, 1938ல்தான் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடப்பட்டது. அந்தத் தலைமுறைப் பார்வையாளர்களில் ஒருவர் ஜீ.

அங்கே படம் எடுப்பது சுலபமான காரியமா? ஆளை மறைக்கும் உயரத்துக்கு யானைப் புல். காலால் நடந்து போக முடியாது. யானை மேல் ஏறித்தான் போக வேண்டும். யானையோ ஒரு நிமிடம் சும்மா நிற்காது. காதை ஆட்டும், மூச்சு விடும்போதும் அதன் உடம்பு அசையும். அந்தக் காலத்துப் பிலிமுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும், ஆனால் விலங்குகள் வெளியே வருவதோ விடியலிலும் அந்தியிலும். ஒரு சுருளில் இருப்பதும் சில படங்களே. எடுத்தது சரியாக விழுந்திருக்கிறதா என்பது கழுவிப் பார்த்தால்தான் தெரியும். இன்றைக்குப் போல ஒரு நிமிடத்தில் இருநூறு படம் எடுத்து, வேண்டாததை அழித்துவிடும் வசதி கிடையாது.

அடிக்கடி போனதால் ஜீக்குத் தனித்தனி விலங்குகளே பழக்கமாயின. யானைப்பாகர்கள் "பூரா குண்டா" என்று பெயரிட்டிருந்த ஒரு கிழட்டு ஆண் காண்டாமிருகத்தைப் பற்றி ஜீ எழுதியிருக்கிறார். பெயர் வைத்த விலங்கை யாரும் வெறும் கொம்பாகப் பார்ப்பதில்லை. அந்தப் படங்களும் எழுத்தும் காசிரங்காவை வெளியுலகத்துக்கு அறிமுகப்படுத்த உதவின. 1954ல் அசாம் அரசு காண்டாமிருகத்துக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது.

பொன்னிறத்தில் ஒரு மந்தி

ஜீயின் பெயரை என்றென்றைக்கும் நிலைநிறுத்திய சம்பவம் 1953 நவம்பரில் நடந்தது. அப்போது அவர் இன்னும் வேலையில்தான் இருந்தார்.

அசாமும் பூட்டானும் சந்திக்கும் எல்லைப் பகுதியில் வெளிர் நிறத்தில் ஒரு மந்தி இருப்பதாக நெடுங்காலமாகப் பேச்சு இருந்தது. 1838லேயே பெம்பர்ட்டன் என்ற ஆங்கிலேயர் பூட்டான் பயணக் குறிப்பில் எழுதியிருந்தார். 1907ல் ஷெபியர் என்ற வனத்துறை அதிகாரி நேரில் பார்த்ததாகச் சொன்னார். அந்தப் பகுதி மக்களுக்கு அது தினமும் பார்க்கிற விலங்கு. ஆனால் அறிவியல் உலகம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. ஏன்? ஆதாரம் இல்லை. கண்ணால் கண்டேன் என்பது போதாது.

ஜீ சங்கோஷ் ஆற்றங்கரையில் ஜம்துவார் என்ற இடத்துக்குப் போய்த் தேடினார். அந்த மந்திக் கூட்டத்தைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததோடு வண்ணச் சினிமாப் படமும் எடுத்துவிட்டார்.

இங்கே "வண்ணம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். மானஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தொப்பி மந்தி என்னும் வேறொரு வகை வாழ்கிறது. இந்த இரண்டையும் பார்த்தவுடன் பிரித்துக்காட்டுவது நிறம்தான். கறுப்பு வெள்ளைப் படத்தில் தங்க நிறமும் ஒருவித வெளிர் சாம்பலாகத்தானே விழும்! ஆக, வண்ணப் பிலிம் என்ற தொழில்நுட்பம் வந்திருந்ததும், அதைக் கையில் வைத்திருந்த ஒருவர் சரியான ஆற்றங்கரையில் நின்றதும் ஒன்றாகப் பொருந்தின.

அதன் பிறகு இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் களத்தில் இறங்கியது. அந்த நிறுவனத்தைச் சேர்ந்த கஜூரியா 1956ல் இதைப் புதிய இனமாக முறைப்படி விவரித்தார். அதன் அறிவியல் பெயரில் "ஜீயி" என்று சேர்க்கப்பட்டது. இன்று கோல்டன் லங்கூர் என்று உலகம் அழைக்கும் இந்தப் பொன்னிற மந்திக்கு "ஜீயின் லங்கூர்" என்றும் ஒரு பெயர் உண்டு. மேற்கே சங்கோஷ், கிழக்கே மானஸ், தெற்கே பிரம்மபுத்திரா, வடக்கே பூட்டான் மலைகள். இந்தச் சின்ன வட்டாரத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை.

ஒன்பது ஆண்டுகளின் கணக்கு

இனிதான் ஓய்வுக் காலம் வருகிறது. 55 வயதில் ஷில்லாங்கில் ஒரு வீடு. பூந்தோட்டம் போட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். ஆனால் ஜீ கிளம்பிவிட்டார்.

1959: லண்டனில் இருந்த விலங்குப் பாதுகாப்புச் சங்கத்துக்காக நேபாளத்தின் சித்வனுக்குப் போய்க் காண்டாமிருகங்களின் நிலையை ஆராய்ந்தார். ராப்தி ஆற்றுக்கு வடக்கே தேசியப் பூங்காவும், தெற்கே பத்தாண்டுச் சோதனை முறையில் ஒரு சரணாலயமும் அமைக்கலாம் என்று பரிந்துரைத்தார்.

1959–60: மணிப்பூரின் சங்காய் மானைப் பற்றிய ஆய்வு. லோக்டாக் ஏரியில் மிதக்கும் தாவர மெத்தைகளின் மேல் வாழும் அபூர்வ மான் இது. 1951ல் அழிந்தேவிட்டது என்று கருதப்பட்டு, 1953ல் ஜீயின் மூலமாக மீண்டும் கண்டறியப்பட்டது. இப்போது இரண்டு பருவங்களில் திரும்பப் போய் அதன் நிலையைப் பார்த்து அறிக்கை எழுதினார்.

1961: பொன்னிற மந்தி எங்கெங்கே பரவியிருக்கிறது, என்ன சாப்பிடுகிறது என்று விரிவான கட்டுரை.

1962: நாட்டின் மறுகோடியான குஜராத்தின் கட்ச் உப்புப் பாலைவனம். காட்டுக் கழுதைகளைக் கணக்கெடுத்தார். சுமார் 870 என்று மதிப்பிட்டார்.

1963: மறுபடியும் நேபாளம். பூங்காவைத் தெற்கேயும் விரிவாக்க வேண்டும் என்று இம்முறை சொன்னார்.

1964: "இந்தியாவின் வன உயிர்கள்" என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலப் புத்தகம் லண்டனில் வெளிவந்தது. முன்னுரை எழுதியவர் பிரதமர் ஜவகர்லால் நேரு.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று புலப்படும். வேலையில் இருந்தபோது அவர் போனது பெரும்பாலும் பக்கத்தில் இருந்த காடுகளுக்கு. விடுமுறை முடிந்தால் திரும்பி வந்தாக வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக முடிந்தது, பருவம் மாறும்வரை காத்திருக்க முடிந்தது, அசாமிலிருந்து குஜராத் வரை அலைய முடிந்தது. ஓய்வு அவருக்குக் கொடுத்த பெரிய சொத்து நேரம். இன்னொரு சொத்தும் உண்டு. அவருக்குப் பதவி உயர்வு வேண்டாம், இடமாற்ற பயம் இல்லை. ஆகவே சரணாலயத்தில் என்ன குறை என்று பார்த்ததை அப்படியே எழுத முடிந்தது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு ஓர் உதாரணம் சொன்னால் எளிதாகப் புரியும். ஒரு கடையின் பேரேட்டில் சரக்கு ஆயிரம் மூட்டை என்று எழுதியிருக்கலாம். ஆனால் ஆண்டு இறுதியில் குடோனைத் திறந்து நேரில் எண்ணிப் பார்க்காமல் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். காகிதத்தில் இருக்கும் சரக்கு எலி தின்றிருக்கலாம், திருடு போயிருக்கலாம். 1950களில் நம் காடுகளின் நிலைமையும் இதுதான். சரணாலயம் என்று பெயர்ப்பலகை இருந்தது. உள்ளே எத்தனை விலங்கு இருக்கிறது என்று திறந்து பார்த்தவர்கள் குறைவு. ஜீ செய்தது அந்த நேரடிச் சரிபார்ப்பு. கேமரா அவருக்கு ரசீது.

படம் மட்டும் காப்பாற்றுமா?

காப்பாற்றாது. இதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்.

சித்வனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜீ 1959ல் அறிக்கை கொடுத்தார். அதற்கு முன்பே டி.டி.டி. தெளித்து மலேரியாவை ஒழிக்கும் வேலை அங்கே தொடங்கியிருந்தது. அதுவரை மலேரியாவுக்கு அஞ்சி வெளியாட்கள் தங்காத காடு அது. கொசு போனதும் மலைப்பகுதிகளிலிருந்து மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினார்கள். அவர்களுக்கும் நிலம் வேண்டும், சாப்பாடு வேண்டும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 1960களின் முடிவில் சித்வன் காட்டில் 70 சதவீதம் அழிந்துபோனது. காண்டாமிருகங்கள் வெறும் 95 ஆகக் குறைந்தன. அறிக்கைக்கும் பூங்காவுக்கும் இடையில் போன ஆண்டுகளின் விலை இது. காட்டுக்குள் இருந்த மக்களை அப்புறப்படுத்தியதில் அந்த ஏழை மக்கள் கொடுத்த விலையும் உண்டு.

கட்ச் காட்டுக் கழுதைகளின் கதியும் அப்படியே. 1962ல் 870. நோயும் வறட்சியும் சேர்ந்து தாக்க, 1969ல் எண்ணியபோது 362தான். சங்காய் மான் 1975ல் வெறும் 14!

ஜீ 1968ல் காலமானார். அப்போது அவருடைய கணக்குப் புத்தகத்தைப் பார்த்திருந்தால் பெரும்பாலும் நஷ்டக் கணக்காகத்தான் தெரிந்திருக்கும். வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972ல். சித்வன் தேசியப் பூங்கா 1973ல். காசிரங்கா தேசியப் பூங்காவானது 1974ல். சங்காய் மானின் வீடான கெய்புல் லாம்ஜாவோ தேசியப் பூங்காவானது 1977ல். ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை.

ஆனாலும் அந்த எண்கள் வீணாகவில்லை. 870 என்ற எண் இருந்ததால்தான் 362 என்பது எவ்வளவு பெரிய சரிவு என்று தெரிந்தது. தொடக்க இருப்பு தெரியாவிட்டால் இலாபமும் தெரியாது, நஷ்டமும் தெரியாது. ஆபத்து எவ்வளவு என்று காட்ட, முன்பு யாராவது எண்ணி வைத்திருக்க வேண்டும்.

பின்னால் வந்த எண்களையும் பாருங்கள். காசிரங்காவில் 1966ல் 366 காண்டாமிருகங்கள். 2022 கணக்கெடுப்பில் 2,613. சித்வனில் 95 ஆக இருந்தவை 2021ல் 694. கட்சின் காட்டுக் கழுதைகள் 2024ல் 7,672. 14 ஆக இருந்த சங்காய் 2016ல் 260. பொன்னிற மந்திகள் இந்தியாவில் மட்டும் சுமார் 7,396 என்று 2024ல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அந்தக் கணக்கெடுப்பில் கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி மையத்துக்கும் பங்கு உண்டு என்பது நமக்கு மகிழ்ச்சியான செய்தி.

இதெல்லாம் ஜீ ஒருவரால் நடந்தது என்று சொன்னால் அது பொய். வனக் காவலர்கள், உள்ளூர் மக்கள், சட்டம் கொண்டுவந்த அரசுகள், ஆராய்ச்சியாளர்கள் என்று ஆயிரம் பேருடைய உழைப்பு அது. காவலர்களில் பலர் உயிரையே கொடுத்திருக்கிறார்கள். ஜீ அந்தக் கணக்கில் முதல் வரியை எழுதியவர்களில் ஒருவர். அவ்வளவுதான். ஆனால் முதல் வரி எழுதுவது சின்ன விஷயம் இல்லை.

இன்றைய ஓய்வுக்காரர்களுக்கு

இப்போது ஓய்வு பெற்ற வங்கி அதிகாரிகளும் ஆசிரியர்களும் பொறியாளர்களும் நீளமான லென்ஸோடு சரணாலயங்களுக்குக் கிளம்புவது சாதாரணமாகிவிட்டது. நல்ல விஷயம்தான். ஜீக்குக் கிடைக்காத வசதிகள் அவர்களுக்கு இருக்கின்றன. டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு படத்திலும் தேதியையும் நேரத்தையும் தானே பதிந்துவிடுகிறது. எடுத்த படங்களை ஈபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் ஏற்றினால் ஆராய்ச்சியாளர்களுக்கு அது தரவு ஆகிறது. அழியும் நிலையில் உள்ள விலங்கு என்றால் வேட்டைக்காரர்களுக்குத் துப்பு கிடைக்காதபடி ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளம் சரியான இடத்தை மறைத்தும் வைக்கிறது.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் 1953ல் இருந்தது போலவே இன்றும் இருக்கிறது. படம் யாருக்காக? விலங்கைத் துரத்தி, கூட்டைக் கலைத்து, ஜீப்பை வழியில் குறுக்கே நிறுத்தி எடுக்கும் படம் எத்தனை அழகாக இருந்தாலும் அதனால் அந்த விலங்குக்கு ஒரு நன்மையும் இல்லை. எங்கே, எப்போது, எத்தனை என்ற குறிப்போடு எடுத்த ஒரு மங்கலான படம் என்றாவது ஒரு நாள் ஒரு காட்டுக்காகச் சாட்சி சொல்லலாம்.

வீட்டில் யாராவது ஓய்வு பெறப்போகிறார்கள் என்றால் அவர்களுக்கு ஜீயைப் பற்றிச் சொல்லுங்கள். கேமரா வாங்கிக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். அதோடு மறக்காமல் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் கொடுங்கள்.